ஏ.எஸ்.எம். வாங்க லோன் எடுக்கலாமா?

ஈப்போவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31, அரசாங்க வேலை. கூட வேலை செய்யும் மலாய் நண்பர் சில வருடங்களாக ஏ.எஸ்.பி. லோன் வைத்திருக்கிறார், "தவணையில் முக்கால்வாசியை ஈவுப் பணமே கட்டிவிடுகிறது" என்கிறார். ஏ.எஸ்.பி. பூமிபுத்ராக்களுக்கு மட்டுமான யூனிட் டிரஸ்ட், நமக்குக் கிடையாது. அதனால் கூட்டுறவுக் கழகத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) பெர்சனல் லோன் எடுத்து, ஏழு வருடத் தவணையில், எல்லா மலேசியரும் வாங்கக்கூடிய ஏ.எஸ்.எம். (அமானா சாஹாம் மலேசியா) வாங்கிப் போடலாமா? வட்டி 5 விழுக்காடு, ஈவு வெள்ளிக்கு 4.75 சென். கால் விழுக்காடுதானே வித்தியாசம், கட்டாயச் சேமிப்பாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறார். அதற்கு வழியில்லையென்றால் நண்பரே தன் பெயரில் ஏ.எஸ்.பி. லோன் போட்டுத் தருகிறேன் என்கிறாராம், தவணையை மட்டும் இவர் கட்டினால் போதுமாம். இரண்டு வருடத்தில் வீடு வாங்கும் எண்ணமும் உண்டு.

கேள்வி பல கிளையாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நண்பருக்கு ஓடுகிற கணக்கு எனக்கும் ஓடுமா? ஓடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிள்ளானில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். ஏ.எஸ்.பி. லோன் பாரங்களை நானே நூற்றுக்கணக்கில் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். முதலீட்டு ஆலோசகர் அல்ல. தவணை, வட்டி, ஈடு இந்த மூன்றும்தான் எனக்குத் தெரிந்த பாஷை.

முதலில் நண்பரின் கணக்கைப் பார்ப்போம். அமானா சாஹாம் பூமிபுத்ரா 1990 ஜனவரியில் தொடங்கியது. நடத்துவது பி.என்.பி. என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம். ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளி; வாங்கினாலும் ஒரு வெள்ளி, விற்றாலும் ஒரு வெள்ளி. உள்ளே இருக்கும் பங்குகள் ஏறும் இறங்கும், யூனிட் விலை அசையாது. இந்த அசையாத விலைதான் வங்கிக்குப் பிடித்த விஷயம். 100,000 வெள்ளி கடன் கொடுத்து, அதற்கு 100,000 யூனிட் சான்றிதழைத் தானே ஈடாக வைத்துக்கொண்டால் வங்கிக்கு ஏறக்குறைய ஆபத்தே இல்லை. அதனால்தான் வீட்டுக் கடன் போல 30 வருடம், வீட்டுக் கடனுக்குப் பக்கத்தில் வரும் வட்டி. நண்பருக்குக் கிடைப்பது இந்த விலையில் கிடைக்கும் கடன். உங்களுக்குக் கிடைக்கப்போவது ஈடே இல்லாத பெர்சனல் லோன். இரண்டுக்கும் ‘லோன்’ என்று ஒரே பெயர் இருப்பதால்தான் குழப்பம்.

அந்த நல்ல கடனிலேயே லாபம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 100,000 வெள்ளி, 5 விழுக்காடு, 30 வருடம் என்றால் மாதத் தவணை 537 வெள்ளி. முதல் வருடம் கட்டுவது சுமார் 6,440. அதில் அசலில் கழிவது 1,475 மட்டும். மீதி 4,965 வட்டிக்குப் போகிறது. 2024க்கு ஏ.எஸ்.பி. கொடுத்தது மொத்தம் 5.75 சென், அதாவது 5,750 வெள்ளி. தவணையில் முக்கால்வாசி என்று நண்பர் சொன்னது பொய்யில்லை, உண்மையில் அதற்கும் மேல். ஆனால் அவருடைய லாபம் 5,750 இல்லை. அதிலிருந்து வட்டியைக் கழித்தால் மிஞ்சுவது 800 வெள்ளிகூட இல்லை.

இன்னும் சரியாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதே 537 வெள்ளியைக் கடனே இல்லாமல் மாதாமாதம் ஏ.எஸ்.பி.யில் போட்டிருந்தால்? கவுண்டரில் நான் பார்த்தவரை இதை யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொல்ல மாட்டோம். ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம், ஈவை எடுக்காமல் அப்படியே விட்டுவைப்பதாக வைத்துக்கொண்டு. ஈவு வருடா வருடம் 5.25 சென் என்றால், கடன் எடுத்தவர் ஐந்தாம் வருட முடிவில் சான்றிதழைச் சரண்டர் செய்து, பாக்கிக் கடனைக் கழித்துவிட்டுக் கையில் வாங்குவது சுமார் 37,300 வெள்ளி. கடன் எடுக்காமல் மாதம் 537 போட்டவர் கையில் 36,600. வித்தியாசம் 700 வெள்ளி. ஐந்து வருடம் ஒரு லட்சம் வெள்ளிக் கடனைத் தலையில் சுமந்ததற்குக் கூலி, வருடத்துக்கு 140 வெள்ளி. ஈவு 5 சென்னுக்கு இறங்கினால் கணக்கு புரண்டுவிடும்: கடன் எடுத்தவர் 600 வெள்ளி பின்தங்குவார். ஐந்து வருடமும் 5.75 கிடைத்தால் 3,300 வெள்ளி முன்னே நிற்பார். வங்கி வட்டியை மாதாமாதம் போடுகிறது, ஈவு வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. ஆகவே 5 விழுக்காட்டுக் கடனுக்கு 5.12 சென் ஈவு வந்தால்தான் சமம்.

ஆகவே இந்த விளையாட்டு முழுவதும் அரை சென், முக்கால் சென் இடைவெளியில் நடக்கிறது. அந்த இடைவெளி நம் கையில் இல்லை. 2018க்கு ஏ.எஸ்.பி. 7 சென் கொடுத்தது, அடுத்த வருடமே 5.50. 2020க்கும் 2021க்கும் 5 சென். அந்தச் சமயத்தில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் வட்டியை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியிருந்ததால் கடன்காரர்கள் பிழைத்தார்கள். 2022 மே மாதத்திலிருந்து அது படிப்படியாக ஏறி ஒரே வருடத்தில் 3 விழுக்காட்டுக்கு வந்தது. கடன் வட்டியும் கூடவே ஒன்றேகால் விழுக்காடு ஏறியது. ஈவு அந்த வேகத்தில் ஏறவில்லை, 2023க்கு 5.25தான். 2025 ஜூலையில் பேங்க் நெகாரா கால் விழுக்காடு குறைத்து 2.75 ஆக்கியது. அடுத்த வருடம் எது எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கு லோன் விற்கும் ஏஜெண்டுக்கும் தெரியாது. முப்பது வருடத்துக்கு 7 சென் என்று ஒருவர் அட்டவணை போட்டுக் காட்டினால், பென்சிலை எடுத்து அந்த 7ஐ 5 ஆக்கி மறுபடி போடச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அறிவிப்பில் வரும் எண்ணில் ஈவு ஒரு பகுதி, போனஸ் ஒரு பகுதி. போனஸைக் கடந்த பத்தாண்டுச் சராசரி இருப்பை வைத்துக் கொடுத்த காலம் உண்டு. நேற்று லோன் எடுத்தவருக்குப் பேப்பரில் வந்த முழு எண் கிடைக்காது. "பேப்பர்ல ஏழுன்னு போட்டிருக்கு, எனக்கு ஏன் கம்மி?" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜனவரியில் வந்து நிற்பார்கள்.

நண்பரின் கதையை இத்துடன் விட்டு உங்கள் கதைக்கு வருகிறேன். கூட்டுறவுக் கழகம் சொல்லும் 5 விழுக்காடு ‘ஃப்ளாட்’ வட்டி. அதாவது 50,000க்கு வருடம் 2,500, ஏழு வருடத்துக்கு 17,500, ஆக மொத்தம் 67,500. அதை 84 மாதத்தால் வகுத்தால் மாதம் 804 வெள்ளி. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், ஆனால் வட்டி கடைசி மாதம்வரை முழு 50,000 மேலேயே நிற்கிறது. நண்பரின் கடனுக்குப் போடுவது போலக் குறையும் பாக்கியின் மேல் கணக்கிட்டால் இது 5 இல்லை, 9 விழுக்காட்டுக்கு ஒரு நூலிழை கீழே. கால் விழுக்காடு வித்தியாசம் என்று நீங்கள் நினைத்தது நாலேகால் விழுக்காடு. கூட்டுறவுக் கழகம் ஏமாற்றுகிறது என்று சொல்லவில்லை. கார் லோனுக்கும் இப்படித்தான் காலகாலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். குறையும் பாக்கிக்குப் போட்டால் உண்மையான வட்டி என்ன என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஈவு ஏழு வருடமும் 4.75 சென் என்று வைத்து, எதையும் எடுக்காமல் விட்டால் உங்கள் 50,000 ஏழு வருடத்தில் 69,200 வெள்ளி ஆகியிருக்கும். கட்டியது 67,500. "பார்த்தீர்களா, எல்லா வட்டியும் போக 1,700 வெள்ளி லாபம்!" என்று ஏஜெண்ட் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுவார். எண்கள் சரி. ஆனால் அதே 804 வெள்ளியைக் கடன் இல்லாமல் மாதாமாதம் ஏ.எஸ்.எம்.மில் போட்டிருந்தால் ஏழாம் வருட முடிவில் 79,600 வெள்ளி இருக்கும். லாபம் என்று வட்டம் போட்ட இடத்தில் 10,400 வெள்ளி காணாமல் போயிருக்கிறது. காசோலை, ரசீது எதிலும் அது தெரியாது. அதனால் வலிக்கவும் வலிக்காது.

யூனிட் கிடைக்குமா என்பதும் கேள்வி. ஏ.எஸ்.பி.யில் ஆளுக்கு உச்சவரம்பு உண்டு, ஏ.எஸ்.எம்.மில் இல்லை. ஆனால் யூனிட்டுகள் இன வாரியாக ஒதுக்கப்பட்டவை. இதே வகையில் இப்போது ஏ.எஸ்.எம். 3 என்று சொல்கிறோமே, அந்த நிதி 2009இல் ஒன் மலேசியா என்ற பெயரில் வந்தபோது இந்தியர்களுக்கு 15 விழுக்காடு ஒதுக்கினார்கள். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் யாராவது விற்கும்வரை காத்திருக்க வேண்டும். கவுண்டரில் "ஹாபிஸ்" (தீர்ந்துவிட்டது) என்று கையை விரிப்பதும், காலையிலேயே கைப்பேசியைத் தட்டித் தட்டி 300, 700 என்று கிடைத்ததைப் பொறுக்குவதும் நம் ஆட்களுக்குப் பழகிய கதை. சேமிப்பவருக்கு அது எரிச்சல் மட்டும். கடன் எடுத்தவருக்கு? 50,000 சேமிப்புக் கணக்கில் தூங்கும், 804 வெள்ளி சம்பளத்திலிருந்து முதல் மாதமே பிடிபடும்.

"அரசாங்கமே நம் மக்களுக்கு யூனிட் வாங்கக் கடன் கொடுத்ததே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2018 பட்ஜெட்டில் இந்தியர்களுக்கு 1.5 பில்லியன் கூடுதல் யூனிட்டும், பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 5,000 வெள்ளிக் கடன் வசதியும் அறிவித்தார்கள். அது சேமிப்பே இல்லாத குடும்பங்களை உள்ளே கொண்டுவரப் போட்ட திட்டம். கூட்டுறவுக் கழகத்தின் பெர்சனல் லோனுக்கு அதை அத்தாட்சியாகக் காட்ட முடியாது.

நிலை விலை என்பதன் அர்த்தத்தையும் ஒரு தரம் நினைவில் வையுங்கள். வங்கி வைப்புத் தொகைக்கு பி.ஐ.டி.எம். என்ற வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் காப்பு உண்டு, ஒரு வங்கியில் ஆளுக்கு 250,000 வெள்ளி வரை. யூனிட் டிரஸ்டுக்கு அது கிடையாது. 1997 நெருக்கடியில்கூட ஏ.எஸ்.பி. ஒரு வெள்ளியிலேயே நின்றது; பி.என்.பி. அதை விட்டுக்கொடுக்கும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அது கொள்கை, சட்ட உத்தரவாதம் இல்லை. 1981இல் தொடங்கிய ஏ.எஸ்.என். என்ற பி.என்.பி.யின் இன்னொரு நிதி முதலில் ஒரு வெள்ளியில் இருந்து, பிறகு மாறும் விலைக்குப் போனது. சொந்தச் சேமிப்பைப் போட நான் தயங்கமாட்டேன், என் பிள்ளைகள் பெயரிலும் இருக்கிறது. கடன் வாங்கிப் போடும்போது மட்டும் இந்தச் சின்ன ஐயமும் கணக்கில் ஏறும்.

கட்டாயச் சேமிப்பு என்று சொன்னீர்கள் பாருங்கள், அதைத்தான் இந்தக் கேள்வியில் நான் மதிக்கிறேன். கடன் என்றால் கட்டுவோம், சேமிப்பு என்றால் தீபாவளிக்கு எடுத்துவிடுவோம். இது மனித சுபாவம். பத்து வருடம் லோன் கட்டி, வேறு எந்த வழியிலும் சேர்த்திருக்க முடியாத தொகையோடு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே அளவுக்கு இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் தம்பதி, இருவர் பெயரிலும் முழு வரம்பு 200,000 (அன்று வரம்பு அதுதான், 2023இல்தான் 300,000 ஆக்கினார்கள்). ஒரு வருடம் கைக்காசில் கட்டி, பிறகு வரும் ஈவை எடுத்து அடுத்த வருடத் தவணையைக் கட்டுவது அவர்கள் திட்டம். யாரோ வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுத்தது. 7 சென் 5.50 ஆனதும் ஆளுக்கு 3,000 வெள்ளி துண்டு விழுந்தது. அதற்குள் அந்தத் தெம்பில் ஒரு காரும் எடுத்திருந்தார்கள். 2020 ஏப்ரலில் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு வந்து மூச்சு விட்டார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருவர் சான்றிதழைச் சரண்டர் செய்தார். ஈவை வருடா வருடம் எடுத்துத் தின்றுவிட்டதால் கையில் வந்தது கழிந்த அசல் மட்டும். அவர் அந்தக் காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பாரத்தில் கையெழுத்து வாங்கியவன் நான்தான்.

வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறது என்றீர்கள். அப்படியானால் இந்த லோன் இன்னொரு பக்கமும் கடிக்கும். சம்பளச் சிட்டையில் 804 வெள்ளி பிடித்தம் தெரியும், வங்கிகள் பார்க்கும் சி.சி.ஆர்.ஐ.எஸ். கடன் அறிக்கையிலும் அது ஏறலாம். வீட்டுக் கடன் அதிகாரி எத்தனை யூனிட் வைத்திருக்கிறீர்கள் என்பதைவிட மாதம் எவ்வளவு போகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். 4.2 விழுக்காட்டில் 35 வருட வீட்டுக் கடனுக்கு ஒரு லட்சத்துக்கு மாதம் 455 வெள்ளி. அப்படிப் பார்த்தால் 804 வெள்ளித் தவணை உங்கள் வீட்டுக் கடன் தகுதியில் சுமார் 175,000 வெள்ளியை விழுங்கிவிடும். அதைச் சரிக்கட்ட அப்போது யூனிட்டை விற்று லோனை அடைக்கப் பார்ப்பீர்கள். ஃப்ளாட் வட்டியில் முன்கூட்டி அடைத்தால் தள்ளுபடி எவ்வளவு என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழகத்துக்குக் கழகம் அது மாறும்.

நண்பர் தன் பெயரில் எடுத்துத் தருவது பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. வேண்டாம். சான்றிதழ் அவர் பெயரில், கடன் அவர் பெயரில், ஈவு அவர் கணக்கில். நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பணம் அவர் வாரிசுகளுக்குப் போகும், நீங்கள் கட்டிய தவணைக்கு வாட்ஸ்ஆப் குறுஞ்செய்தி மட்டும்தான் சாட்சி. நீங்கள் ஒரு மாதம் தவறினால் கெடுவது அவருடைய பெயர். நல்ல நட்பு என்கிறீர்கள், அப்படியே இருக்கட்டுமே.

என்ன செய்யலாம்? அந்த 804 வெள்ளி மாதாமாதம் உங்களால் முடியும் என்றுதானே லோன் எடுக்க வந்தீர்கள். சம்பளம் வந்த அன்றே அதைத் தானாகப் பிடிக்கும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். ஏ.எஸ்.எம்.மில் ஈவு கணக்கிடுவது அந்தந்த மாதத்தின் மிகக் குறைந்த இருப்பை வைத்து; ஆகவே மாதம் பிறப்பதற்குள் போடுங்கள். எடுக்க வேண்டி வந்தால் 28ஆம் தேதி எடுக்காமல் சில நாள் பொறுத்து ஒன்றாம் தேதிக்குப் பிறகு எடுங்கள், ஒரு மாத ஈவு கைவிட்டுப் போகாது. யூனிட் கிடைக்காத மாதத்தில் ஈ.பி.எஃப்.இல் (ஊழியர் சேமநிதி) சுயமாகப் போடலாம், வருடத்துக்கு 100,000 வெள்ளி வரை. 2024க்கு அது கொடுத்தது 6.30 விழுக்காடு, அந்த வருட ஏ.எஸ்.பி.யைவிட அதிகம், அதற்கு எந்த இன ஒதுக்கீடும் இல்லை. ஆனால் போட்டதில் 10 விழுக்காடு மட்டும் ஃப்ளெக்சிபல் கணக்குக்குப் போகும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கில் பூட்டப்படும். மீதி 15ஐ வீடு வாங்கும்போது எடுக்க வழி உண்டு. இரண்டு வருடத்தில் முன்பணம் தேவைப்படும் காசை முழுவதும் அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டாம்.